வேண்டாத டைம்ஷெயாரைக் கழற்றிவிடுவது எப்படி: மாமியின் சொப்பிங் பேக்கிலிருந்து தொடங்கி

களுவாஞ்சிக்குடியில் கல்முனை வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் கொமியூனிகேசன் கடை. போட்டோக் கொப்பி, டைப்பிங், ஸ்கேன், ஈமெயில், பாஸ்போட் படம். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இங்கிலிஷில் கடிதம் வந்தாலும் கடைசியில் அது என் மேசைக்கு வந்து சேரும். அப்படித்தான் ஒரு மாமி சொப்பிங் பேக் நிறையக் கடிதங்களோடு வந்தார். லண்டனில் நெடுங்காலம் இருந்து, கணவர் காலமான பிறகு ஊர் வீட்டுக்கே திரும்பி வந்தவர். கடிதங்களில் பாதியை உடைக்கவே இல்லை.

"இஞ்ச பாரு மனே, போகாத வீட்டுக்கு வருசா வருசம் காசு கேக்கானுகள்" என்றார்.

உடைத்துப் பார்த்தால் டைம்ஷெயார். ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவில், வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. 2001இல் விடுமுறைக்குப் போன இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். முதல் வருடப் பராமரிப்புக் கட்டணம் 210 பவுண். மேசையில் கிடந்த கடைசி பில்லில் 780 பவுண். வாங்கிய பிறகு அங்கே போனது இரண்டே தரம்.

மாமியின் விசயம் முடிய ஏழு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு இதே சிக்கலோடு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். நான் சட்டத்தரணி இல்லை, கடிதம் அடிப்பவன். ஆனால் எந்தக் கடிதத்துக்குப் பதில் வருகிறது, எதற்கு வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். புதிதாக இந்தச் சிக்கலில் நிற்பவர்களுக்காக, எங்கே தொடங்குவது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன?

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழாக்களைக் குடிக்கு (குலத்துக்கு) இன்ன நாள், ஊருக்கு இன்ன நாள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். கோயில் ஒன்று, அதில் உங்களுக்கு ஒரு நாள். அந்த நாள் செலவு உங்கள் குடியின் தலையில். நீங்கள் சுவிஸில் இருந்தாலும் காசு வந்தாக வேண்டும். டைம்ஷெயாரின் கணக்கும் இதுதான். ஒரு அபார்ட்மென்டின் வருடத்தை வாரம் வாரமாக வெட்டி ஆளுக்கொன்றாக விற்கிறார்கள். வாரத்தின் விலையை ஒரு தரம் கொடுக்கிறீர்கள், பராமரிப்புக் கட்டணத்தை ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறீர்கள். என்ன, திருவிழாவில் சாமியாவது வெளிவீதி வரும்.

மூன்று விதம் உண்டு. ஒன்று, உறுதியோடு வருவது: அமெரிக்காவில், குறிப்பாக புளோரிடாவில், இது அதிகம். காணி உறுதியைப் போலவே அங்குள்ள பதிவகத்தில் உங்கள் பெயர் பதிந்திருக்கும், கழற்றும்போதும் பதிவு மாற வேண்டும். இரண்டு, பயன்பாட்டு உரிமை மட்டும்: ஐரோப்பாவில் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். மூன்று, பொயின்ட்ஸ்: வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகள் தந்து, பல இடங்களில் தங்கலாம் என்பார்கள். பழைய வாரக்காரர்களைப் பேசிப் பேசிப் பொயின்ட்ஸுக்கு மாற்றி இன்னொரு கையெழுத்து வாங்குவதும் நடக்கும். ஆகவே ஒருவரிடமே இரண்டு ஒப்பந்தம் இருக்கலாம். கவனம்.

கடதாசிகளைத் தரையில் பரப்புங்கள்

மாமியின் பையைக் கவிழ்த்துத் திகதி வாரியாக அடுக்கவே ஒரு பின்னேரம் போனது. ஆனால் பாதி வேலை அங்கேதான் முடிந்தது. தேட வேண்டியவை: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும் (பின்பக்கத்துப் பொடி எழுத்து உட்பட), ஒப்பந்த இலக்கம், கையெழுத்திட்ட திகதியும் இடமும், யார் யார் பெயர், முடிவுத் திகதி இருக்கிறதா, கடன் எடுத்து வாங்கியதா, கடைசி பில், கடைசியாகக் காசு கட்டிய ரசீது. ஒப்பந்தம் தொலைந்து போயிருந்தால் கவலை வேண்டாம். பில்லில் உள்ள இலக்கத்தைப் போட்டு, கம்பனியிடமே பிரதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் எங்கள் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை பெயர். தமிழ்ப் பெயரை லண்டனில் ஒரு மாதிரியும், கனடாவில் ஒரு மாதிரியும், இங்கே அடையாள அட்டையில் வேறு மாதிரியும் எழுதியிருப்போம். மாமியின் ஒப்பந்தத்தில் கணவரின் பெயர் குடும்பப் பெயராக இருந்தது, பாஸ்போட்டில் தகப்பனின் பெயர் முன்னால் இருந்தது, மரணச் சான்றிதழில் ஓர் எழுத்துக் கூட. வெள்ளைக்கார எழுதுவினைஞருக்கு இது மூன்று வெவ்வேறு ஆட்கள். எழுத்து ஒத்துவரவில்லை என்றே முதல் கடிதம் திரும்பி வந்தது. ஆகவே முன்கூட்டியே, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில கம்பனிகள் நொத்தாரிசு முத்திரைதான் வேண்டும் என்பார்கள், சிலர் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சியையும் கேட்பார்கள். எது வேண்டும் என்று ஈமெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகு அலையுங்கள். கேட்காமல் கொழும்புக்கு பஸ் ஏறி வீணாகத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் உள்ள மரணச் சான்றிதழையோ விவாகச் சான்றிதழையோ அனுப்புவதாக இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இங்கிலிஷ் பிரதி எடுக்க வேண்டும். மருமகன் மொழிபெயர்த்தது செல்லாது, அவர் எவ்வளவு படித்திருந்தாலும்.

திகதியைப் பாருங்கள்: இன்னும் நாள் இருக்கிறதா?

இப்போதுதான் கையெழுத்து வைத்தீர்கள் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். பல நாடுகளில் காரணம் எதுவும் சொல்லாமல் விலக உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இன் டைம்ஷெயார் பணிப்புரையின்படி 14 நாள். பிரிட்டனில் 2011 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படியும் 14 நாள். அந்த நாட்களுக்குள் விற்பவர் முற்பணமே வாங்கக் கூடாது. விலகல் படிவத்தை அவர் உங்களிடம் தரவில்லை என்றால் அந்த 14 நாள் ஒரு வருடமும் 14 நாளுமாக நீளும். கனடாவின் ஒன்ராறியோவில் 10 நாள். புளோரிடாவிலும் 10 நாள், அந்த உரிமையை விட்டுத்தருகிறேன் என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது.

இரண்டு வரி போதும்: இன்ன இலக்க ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும். ஒப்பந்தத்தில் எந்த முகவரிக்கு, எந்த முறையில் அறிவிக்கச் சொல்லியிருக்கிறதோ அதன்படியே அனுப்புங்கள். அதோடு ஈமெயிலும் போடுங்கள். போன் பண்ணிச் சொன்னது கணக்கில் வராது. போனை எடுப்பவர் உங்களைச் சமாதானப்படுத்தி நாளைக் கடத்துவதற்கென்றே இருப்பவர்.

நாள் கடந்துவிட்டது. மறுகா?

மறுகா கம்பனியிடமேதான் போக வேண்டும். இதை எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் வேறெங்காவது போகிறார்கள். விற்கலாம் என்று போகிறார்கள், இணையத்தில் கண்ட ஏதோ நிறுவனத்திடம் போகிறார்கள், கனடா மச்சானிடம் கேட்கிறார்கள். உங்கள் பெயரை அந்தப் புத்தகத்திலிருந்து வெட்டும் பேனை கம்பனியின் கையில்தான் இருக்கிறது.

பெரிய டைம்ஷெயார் கம்பனிகள் பலவற்றில் உரிமையைத் திருப்பி ஒப்படைக்க ஏதோ ஒரு வழி இருக்கிறது. விளம்பரம் பண்ணமாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கும்போது அவர்களின் சொல்லையே பாவியுங்கள். ஐரோப்பியக் கம்பனி என்றால் 'சரண்டர்', அமெரிக்கக் கம்பனி என்றால் 'டீட்-பேக்'. 'கான்சல் பண்ணுங்க' என்று எழுதினால், விலகும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வரும். 'சரண்டர் பண்ண விரும்புகிறேன்' என்றால் கடிதம் வேறொரு மேசைக்குப் போகும். மாமிக்கு முதல் கடிதத்தில் நான் செய்த பிழை இதுதான்.

எங்கள் ஆட்கள் கடிதம் எழுதினால் 'மேன்மைதங்கிய ஐயா' என்று தொடங்கி, கலியாணம் முதல் கண் ஒப்பரேசன் வரை எழுதச் சொல்வார்கள். வேண்டாம். இரண்டாம் தரம் நாங்கள் அனுப்பியதன் சாரம் இவ்வளவுதான்:

"ஒப்பந்த இலக்கம் இது. உரிமையாளர்கள் நானும் என் கணவரும். கணவர் இன்ன திகதியில் காலமானார், மரணச் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். எனக்கு வயது 71, இலங்கையில் வசிக்கிறேன், இனி நெடும் பயணம் முடியாது. இந்த உரிமையை எந்தப் பணமும் கேட்காமல் உங்களிடமே சரண்டர் பண்ண விரும்புகிறேன். ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி இல்லை என்பதையும் குறிப்பிடுகிறேன். தேவையான படிவங்களையும், பாக்கி ஏதும் இருந்தால் அதன் விபரத்தையும் 30 நாளுக்குள் எழுத்தில் தரவும். போனில் பேச விரும்பவில்லை."

வயது, நோய், மரணம், பணக் கஷ்டம் ஆகியவற்றில் எது உண்மையோ அதை ஒரு வரியில் சொல்லி, சான்றையும் வையுங்கள். டாக்டரின் கடிதம் இருந்தால் பலம். பாக்கியைக் கட்டுகிறேன் என்றோ, தவணை போட்டுத் தாருங்கள் என்றோ முதல் கடிதத்திலேயே எழுதிவிடாதீர்கள். அவர்கள் கணக்கைக் காட்டட்டும்.

கடன் மிச்சமிருந்தால் பெரும்பாலும் அதை முடித்த பிறகே ஏற்பார்கள். பராமரிப்புக் கட்டணப் பாக்கியையும் கேட்பார்கள். மாமியிடம் மூன்று வருடப் பாக்கி கேட்டார்கள். இரண்டு ஈமெயில் போன பிறகு ஒரு வருடத்துக்கு இறங்கினார்கள். அந்த 780 பவுணைக் கட்டலாமா என்று மாமி என்னைக் கேட்டார். இன்னும் பத்து வருடம் இழுத்தால் விலை ஏறாமலே 7,800 என்று கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன். மகன் அன்றே கட்டினான்.

பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை உடனே போனில் படம் எடுங்கள், ஏனென்றால் அந்த மை ஆறு மாதத்தில் மங்கிவிடும். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஈமெயிலிலும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை, 'முதல் கடிதம் இன்ன திகதியில் அனுப்பப்பட்டது' என்ற ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். திகதிகள் மட்டும் போதும்.

எப்படியும் போன் பண்ண வேண்டி வந்தால் நேரத்தைப் பாருங்கள். தெனெரீஃபிலும் லண்டனிலும் ஒரே நேரம்தான். கோடையில் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், மாரியில் ஐந்தரை. காலை ஒன்பதுக்குத் திறப்பார்கள் என்றால் இங்கே பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. புளோரிடாவின் பெரும்பகுதியும் ரொறொன்ரோவும் என்றால் கோடையில் இங்கே மாலை ஆறரைக்குப் பிறகு, மாரியில் ஏழரைக்குப் பிறகு. பேசி முடித்த கையோடு, 'இன்று இன்னாருடன் பேசியதன்படி' என்று ஓர் ஈமெயில் போட்டுவிடுங்கள்.

"வாங்க ஆள் இருக்கு" என்று ஒரு போன் வரும்

கட்டாயம் வரும். டைம்ஷெயார்காரர்களின் பெயர்ப் பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கும். மாமியின் லண்டன் மகனுக்கு ஒரு பின்னேரம் வந்தது. நல்ல இங்கிலிஷ், மரியாதையான குரல். தெனெரீஃப் வாரத்தை 9,000 பவுணுக்கு வாங்க ஒரு கம்பனி தயார், ஒப்பந்தம் அடித்தாகிவிட்டது, ஸ்பெயின் வரி 1,150 பவுணை மட்டும் முதலில் கட்டினால் போதும். வட்ஸ்அப்பில் முத்திரை குத்திய கடதாசிகூட வந்தது. அந்தத் தம்பி என்னிடம் போன் பண்ணி, "அண்ணே, இதைக் கட்டினால் அம்மாவுக்கு மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் வரும்தானே?" என்றான்.

யோசித்துப் பாருங்கள். வாங்கியவர்கள் ஒரு டொலருக்கும் ஒரு பவுணுக்கும் இணையத்தில் போட்டும் எடுக்க ஆளில்லாமல் கிடக்கிற சாமான் இது. அதற்கு 9,000 தர ஒருவன் ஏன் மட்டக்களப்பு மாமியைத் தேடி வருகிறான்?

தம்பியை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "உங்கள் வரியையும் கூலியையும் விற்ற காசிலேயே கழித்துக்கொள்ள முடியுமா?" சட்டப்படி ஏன் முடியாது என்று பத்து நிமிடம் விளக்கினார்களாம். அடுத்த நாள் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. உண்மையில் சட்டம் நேர் எதிரானது. டைம்ஷெயாரை மறுவிற்பனை செய்து தருகிறேன் என்பவர், விற்பனை நடந்து முடியும் முன் உங்களிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

இது சில்லறைக் கள்ளர்களின் வேலை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டா பக்கத்தில் போதைப்பொருள் கும்பல் ஒன்றே டைம்ஷெயார் வைத்திருக்கும் வயோதிபர்களை இப்படி ஏமாற்றுகிறது என்று சொல்லி, அதோடு தொடர்புடையவர்கள் மீதும் கம்பனிகள் மீதும் 2023இல் அமெரிக்கத் திறைசேரி தடை விதித்தது.

இதே கதைக்கு வேறு வேசங்களும் உண்டு. 'உங்களைக் கழற்றிவிடுகிறோம், முழுக் கூலியும் முன்பணம்' என்பார்கள். 'ஸ்பெயின் நீதிமன்றத்தில் உங்களுக்கு நட்டஈடு கிடைத்திருக்கிறது, விடுவிக்க ஒரு கட்டணம்' என்பார்கள். ஏற்கெனவே ஏமாந்தவரிடம், 'அந்தக் காசை மீட்டுத் தருகிறோம்' என்று அடுத்த கூட்டம் வரும். எல்லாவற்றிலும் காசு உங்கள் பக்கத்திலிருந்து முதலில் போகும். அந்த இடத்தில் போனை வைத்துவிடலாம்.

வழக்குப் போடலாமா?

ஸ்பெயின் விசயத்தில் கொஞ்சம் விபரம் உண்டு. 1999 ஜனவரி 5 முதல் நடைமுறையில் இருந்த 1998ஆம் ஆண்டுச் சட்டம், டைம்ஷெயார் ஒப்பந்தக் காலம் 3 வருடத்துக்கும் 50 வருடத்துக்கும் இடையில் இருக்க வேண்டும் என்றது. பல கம்பனிகள் அதற்குப் பிறகும் முடிவே இல்லாத ஒப்பந்தங்களை விற்றன. 2015 ஜனவரியில் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் அப்படியான ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாமியின் 2001 ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி இல்லை என்று கடிதத்தில் ஒரு வரி போட்டோமே, அதன் பின்னணி இதுதான்.

அப்படியென்றால் வழக்குப் போட்டு, வாங்கும்போது கொடுத்த காசையும் எடுக்கலாமே என்று மகன் கேட்டான். எடுக்கலாம். ஆனால் வழக்கு வெல்வது ஒரு காரியம், காசு கைக்கு வருவது இன்னொரு காரியம். தோற்ற கம்பனி வங்குரோத்தாகிவிட்டால் தீர்ப்பை பிரேம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டியதுதான். பெரிய தொகை போட்டவர்கள், சுயாதீனமான ஒரு ஸ்பெயின் சட்டத்தரணியைத் தாங்களே தேடி, கூலியை எழுத்தில் பேசிக்கொண்டு இறங்கலாம். தானாக போன் பண்ணி வந்த 'சட்ட நிறுவனம்' எதையும் கிட்ட எடுக்காதீர்கள். மாமிக்கு நிம்மதிதான் வேண்டியிருந்தது. நாங்கள் சரண்டரோடு நிறுத்திக்கொண்டோம்.

பிரிட்டனில் கடனட்டையால் கட்டியிருந்தால் இன்னொரு கதவு உண்டு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளில் விற்றவர் பொய் சொல்லியிருந்தால் அட்டை கொடுத்த வங்கியும் பொறுப்பு. ஆனால் வருடக்கணக்காக விட்டுவிட்டு இதைக் கிளப்ப முடியாது.

கட்டாமலே விட்டுவிட்டால்?

எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. ஊரில் இருக்கிற என்னை என்ன செய்வான்? கடன் அறவிடும் நிறுவனத்தின் கடிதம் சிவப்பு எழுத்தில் வந்தாலும் அது நீதிமன்ற அழைப்பாணை இல்லை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உண்மையான நீதிமன்றக் கடதாசி வந்தால் ஒரு நாளும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் உங்களோடு கையெழுத்திட்ட மகனோ மகளோ லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருந்தால், நீங்கள் ஊரில் கட்டாமல் விடுவது அங்கே அவர்களின் கடன் பதிவில் விழும். பிறகு வீட்டுக் கடன் எடுக்கப் போகும்போது தெரியவரும். அதனால் எழுதிக் கழற்றுவதே என் கட்சி. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் காசு போகும் ஏற்பாடு இருந்தால், அதை எப்போது நிறுத்துவது என்பதைச் சரண்டர் பேச்சோடு சேர்த்து முடிவு பண்ணுங்கள்.

இன்னொன்று, சொந்தத்தில் ஒருவரின் தலையில் கட்டிவிடாதீர்கள். "மருமகனுக்கு அன்பளிப்பு" என்று ஒருவர் யோசித்தார். மருமகன் அதற்குப் பிறகு எத்தனை வருடம் முகம் பார்ப்பான்?

செத்தவரின் டைம்ஷெயார் பிள்ளைகளுக்கு வருமா?

கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் உயிரோடு இருப்பவர் ஏற்கெனவே உரிமையாளர், அவர் சரண்டர் வழியில்தான் போக வேண்டும். பிள்ளைகள் கையெழுத்திடவில்லை என்றால் கதை வேறு. வேண்டாத முதுசத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் 'அப்பாவின் வாரம் வீணாகப் போகுதே' என்று ஒரு தரம் போய்த் தங்கினாலோ, உங்கள் பெயரில் பில் கட்டினாலோ, பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டாலோ ஏற்றுக்கொண்டதாகிவிடக்கூடும். மரணச் சான்றிதழை இணைத்து, 'இந்த உரிமையை நாங்கள் ஏற்கவில்லை' என்று எழுதி அனுப்புங்கள். அமெரிக்கச் சொத்து என்றால் அசட்டையாக இருக்க வேண்டாம். அங்கு வரிச் சட்டம் ஏற்கும் மறுப்பு, பொதுவாக மரணத்திலிருந்து 9 மாதத்துக்குள் எழுத்தில் இருக்க வேண்டும்.

கொழும்பு ஹோட்டலில் மாட்டியவர்களுக்கு

டைம்ஷெயாரின் தம்பி முறையான 'ஹொலிடே கிளப்' (காசு கட்டிச் சேர்ந்தால் விடுமுறைத் தங்கல் தருகிறோம் என்னும் அங்கத்துவம்) உள்ளூரிலும் உண்டு. காத்தான்குடி நானா ஒருவர், துபாயில் உழைத்துவிட்டு வந்தவர், கதையைச் சொன்னார். லக்கி டிராவில் இலக்கம் விழுந்திருக்கிறது, மனைவியோடு வந்தால் பரிசு என்று போன். போனால் ஏசி அறை, ஜூஸ், மூன்று மணித்தியாலப் பேச்சு. இன்று கையெழுத்திட்டால்தான் இந்த விலை. "தம்பி, எழும்பி வரவே வெட்கமாப் போச்சு. பேங்க் கார்டை இழுத்துட்டுத்தான் விட்டானுகள்" என்றார்.

நல்ல காலம், இரண்டாம் நாளே வந்தார். அன்றைக்கே விலகல் கடிதம் ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும் போனது. வங்கிக்கு போன் பண்ணி அந்த அட்டைக் கொடுப்பனவை மறுத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எப்படிச் செய்வது என்று கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுப்பதுதான் பலம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை இது. சேவை தந்த உத்தரவாதத்துக்கு ஒத்ததாக இல்லை என்ற முறைப்பாட்டுக்கு மூன்று மாத எல்லை உண்டு. ஆறப் போட்டால் போச்சு. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளுக்கு எதிராக 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் போய்ப் பேசலாம். நானாவுக்கு பாதிக் காசு திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முடிந்தது என்று எப்போது நம்புவது?

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்பது முடிவில்லை. 'பரிசீலிக்கிறோம்' என்பதும் இல்லை. இன்ன திகதியிலிருந்து உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, எந்தக் கடப்பாடும் இல்லை, கணக்கில் பாக்கி பூச்சியம் என்று கம்பனியின் கடிதத் தலைப்பில், உங்கள் ஒப்பந்த இலக்கத்தோடு வர வேண்டும். அமெரிக்க உறுதி என்றால் புதிய உறுதி பதிவகத்தில் பதிந்ததற்கான பிரதியையும் கேளுங்கள். ஆர்சிஐ போன்ற வாரப் பரிமாற்றக் கம்பனியில் அங்கத்துவம் இருந்தால் அது தனிக் கணக்கு, தனிக் கடிதம். இதைப் பலர் மறந்துவிட்டு, அடுத்த வருடம் சந்தா பில் வந்ததும் பதறிக்கொண்டு வருகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுப் பத்து வருடமாவது வைத்திருங்கள். பழைய கடன்களை மொத்தமாக வாங்கி அறவிடும் கூட்டத்தார், எப்போதோ முடிந்துபோன கணக்கைத் தூசு தட்டிக்கொண்டு வருவார்கள்.

மாமியின் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை ஈமெயிலில் வந்தது. இரண்டு கிழமை கழித்து மூலப் பிரதி தபாலில் வந்ததும் நேரே கடைக்கு எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டு, தன் பெயர் இருக்கும் வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத லெமினேட் பண்ணித் தா மனே, கிழியாம இருக்கட்டும்" என்றார். பண்ணிக் கொடுக்கவில்லை. லெமினேட் பண்ணினால் மையையும் முத்திரையையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது, சில அலுவலகங்கள் மூலப் பிரதியாக எடுக்கவும் மாட்டார்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு, மூன்று கொப்பி அடித்துக் கொடுத்தேன். வெறும் சொப்பிங் பேக்கை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கொப்பிக் காசு எவ்வளவு என்று கேட்டார்.